கப்பல் தெரியும் இடம்

பெனடிக்ட் சேற்றில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி, கேமராவை ஆற்றுக்கு நேராகப் பிடித்திருந்தான். கல்யாண வீடுகளில் தம்பி இப்படிப் படுப்பதை லீலா மேரி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளை உயரமாகத் தெரிய வேண்டுமென்றால் எடுக்கிறவன் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும் என்பது அவன் தொழில் ரகசியம். ஜெயங்கொண்டத்தில் அவனுடைய ஸ்டூடியோச் சுவரில் தொங்கும் மாப்பிள்ளைகள் எல்லோரும் தென்னைமர உயரம் இருப்பார்கள்.

"இந்த எடந்தான்க்கா," என்றான் படுத்தபடியே. "இங்கேருந்து எடுத்தா மாமா கப்பல் மலை மாதிரி வந்து நிக்கும். நடுவுல ஒரு மரம் கெடையாது, மட்டை கெடையாது."

லீலா மேரி சுற்றிலும் பார்த்தாள். கல்கத்தாவிலிருந்து லோக்கல் ரயிலில் தெற்கே வந்து, பஜ்பஜ் என்ற கடைசி ஸ்டேஷனில் இறங்கி, ஆற்றங்கரையோரமாகவே நடந்து வந்திருந்தார்கள். ஒரு செங்கல் சூளையின் சுவர் முடிகிற இடத்திலிருந்து சேற்றுத் திட்டு ஒன்று ஆற்றுக்குள் நீண்டு கிடந்தது. நடந்தால் கால் கொஞ்சம்தான் புதைந்தது. அதற்கப்பால் ஹூக்ளி ஆறு, மண் நிறத்தில், உச்சி வெயிலில் மினுங்கிக்கொண்டு. எதிர்க்கரை, அழித்தும் அழியாத பென்சில் கோடு மாதிரித் தெரிந்தது. ஏலாக்குறிச்சியில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற கொள்ளிடமும் அகலமானதுதான். ஆனால் அங்கே வருஷத்தில் பாதிநாள் மணல்தான் ஆறு. தண்ணீர் ஓரமாக ஒதுங்கிப் போகும்.

பெனடிக்ட் எழுந்து சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டினான். சூளையிலிருந்து இரண்டு உடைந்த செங்கல்லைக் கொண்டுவந்து, ஒன்றைக் கேமரா நிற்க வேண்டிய இடத்திலும் இன்னொன்றை அக்கா நிற்க வேண்டிய இடத்திலும் பதித்து வைத்தான். கல்யாண ஜோடிகளை அணைக்கரைக்கு அழைத்துப்போய்ப் படம் எடுக்கும்போதும் அவன் இப்படித்தான். முதல் நாளே போய் இடம் பார்த்து, கல் வைத்துக் குறி போட்டுவிட்டு வந்துவிடுவான். மறுநாள் விடியற்காலையில் தடுமாற்றம் இருக்காது.

நாளைக் காலை ஏழு மணி வாக்கில் கப்பல் இந்த வழியாகப் போகும் என்று அவள் புருஷன் ஆரோக்கியசெல்வம் செய்தி அனுப்பியிருந்தான்.

இந்த இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் அலைந்தாயிற்று. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ஊரைவிட்டுக் கிளம்பி, சென்னையில் ரயில் மாறி, வரதராசன்பேட்டைக்காரச் சிஸ்டர் ஒருத்தர் பிடித்துக் கொடுத்த கான்வென்ட் அறையில் தங்கியிருந்தார்கள். முதல் நாள் பெனடிக்ட் நேராக ஹவுரா பாலத்துக்கடியில் கொண்டுபோய் நிறுத்தினான். பாலத்தையும் கப்பலையும் ஒரே படத்தில் அடைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. மத்தியானம் வரை நின்றார்கள். படகு வந்தது, பூமாலை மிதந்து வந்தது, கப்பல் வரவில்லை. பெரிய கப்பல்கள் பாலம் வரைக்கும் வருவதே இல்லை, துறைமுகம் கீழேயே இருக்கிறது என்று டீக்கடையில்தான் தெரிந்தது. துறைமுகப் பக்கம் போனால் எங்கே பார்த்தாலும் மதில் சுவர். சுவர் இல்லாத இடத்தில் துப்பாக்கியோடு காவலர் நின்று, கேமராப் பையைப் பார்த்ததுமே கையை வீசினார். எதிர்க்கரையில் பொட்டானிக்கல் கார்டன் ஓரம் போய்ப் பார்த்தால் மரங்கள்தான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன, மனுஷருக்கு இடம் விடவில்லை.

ஒவ்வொரு இடத்திலும் பெனடிக்ட் இது போதும் என்றான். ஒவ்வொரு இடத்திலும் லீலா மேரி தலையை ஆட்டி மறுத்தாள். அவளுக்குப் பாதிக் கப்பல் வேண்டாம், மரத்துக்கு நடுவில் தெரிகிற கப்பல் வேண்டாம், தூரத்துக் கப்பல் வேண்டாம். முழுசாகப் பார்க்க வேண்டும். சரியாகப் பார்க்கவில்லை என்று பின்னால் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது.

காரணம் இருந்தது.

ஆரோக்கியசெல்வத்தைக் கட்டிக்கொண்டு அவள் ஏலாக்குறிச்சிக்கு வந்து ஒன்பது வருஷம். அவனுக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் மோட்டார்மேன் வேலை. வருஷத்தில் மூன்று மாதம் வீட்டில் இருப்பான். மிச்ச மாதங்களில் அவளுடைய போனில் ஒரு பச்சை அம்புக்குறியாக இருப்பான். எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டுகிற ஆப் அது. திருமானூர்ப் பக்கம் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது மேஜைக்கு அடியில் போனைத் திறந்து பார்ப்பாள். நீலத்துக்கு நடுவே அம்புக்குறி. அசைகிறதா நிற்கிறதா என்று தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் வாய்ப்பாட்டுச் சத்தம் எங்கேயோ போய்விடும். வெளியே சுண்ணாம்புக்கல் லாரி அடிக்கிற ஹாரன் கப்பலின் ஹாரன் மாதிரி நீண்டு கேட்கும். பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்த சிப்பி அச்சுப் பதிந்த கல் ஒன்று மேஜைமேல் எப்போதும் இருக்கும். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். கடலே எழுந்து போய்விட்ட சீமையிலிருந்து ஒருத்தன் அதைத் தேடிக்கொண்டு போயிருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள்.

போன லீவில் அவன் வந்திருந்தபோது, முதல் வாரம் தூக்கம் பிடிக்காமல் புரண்டான். வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறதாம். கடைசியில் மாவே இல்லாத கிரைண்டரைச் சுற்றவிட்டு, அந்தச் சத்தத்தில் தூங்கினான். மாமியார் சிலுவை போட்டுக்கொண்டாள். அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் அவன் கறி வாங்கப் போயிருந்தபோது, ஆறு வயது மகள் ஷெரின் சாவகாசமாகக் கேட்டாள்.

"அப்பா எப்பம்மா அவங்க வூட்டுக்குப் போவாங்க?"

அன்றைக்குத்தான் லீலா மேரி முடிவு பண்ணினாள். ரெட்டிபாளையத்து சிமென்ட் ஆலை ஆபீஸில் இருக்கும் சித்தப்பாவைப் பிடித்தாள். ஃபிட்டர் வேலை ஒன்று இருக்கிறது, நிரந்தரம், வருஷப் பிறப்பு முடிந்ததும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்றார் அவர். அவனுடைய ஒப்பந்தமும் இந்தப் பயணத்தோடு முடிகிறது. இன்னும் ஆறு மாதம் இருக்கிறாயா என்று கம்பெனி கேட்டிருந்தது. கல்கத்தாவில் கப்பலைத் துறையில் கட்டியதும் கேப்டனிடம் பதில் சொல்ல வேண்டும். இறங்குவதென்றால் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். இருப்பதென்றால் துறைமுக கேட்டைத் தாண்டக்கூட அனுமதி இல்லை. சரக்கை இறக்கி ஏற்றியதும் கப்பல் வந்த வழியே திரும்பிவிடும்.

வேலை விஷயத்தை அவள் போனில் சொன்னபோது அவன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பின்னால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ என் கப்பலைப் பாத்ததே இல்ல லீலா," என்றான் பிறகு. "நானுந்தான் பாத்ததில்ல. உள்ளேயே கெடக்கிறவனுக்கு எப்புடித் தெரியும்? கம்பியும் குழாயுமா நூறு செல்ஃபி இருக்கு. கப்பல் போவுது, அதுல நான் நிக்கிறேன், அப்புடி ஒரு போட்டோ கெடையாது. கரையில நின்னு ஒரு தடவ பாரு. ஒண்ணு எடு. அதுக்கப்புறமும் எறங்குன்னு நீ சொன்னா, பேசாம எறங்கிடுறேன்."

இவ்வளவுதானே என்று அவளுக்குத் தோன்றிற்று. பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினாள். படம் எடுப்பது ஒரு சடங்கு. அதை யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்துவிட்டு, "எறங்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் முதல் ரயிலில் வந்து இறங்கியபோது இருட்டு கலையத் தொடங்கியிருந்தது. பனி அடர்த்தியாக இறங்கியிருந்தது. தெருவிளக்குகள் பஞ்சுக்குள் வைத்துக் கட்டிய மாதிரி மங்கலாக எரிந்தன. யாரோ எங்கேயோ கரி அடுப்புப் பற்றவைத்த வாசனை வந்தது. முன்னால் போகும் பெனடிக்டின் முதுகுப் பை மட்டும் தெரிய, அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இரண்டு நாள் அலுப்பு, ரயில் தூக்கம் எல்லாம் சேர்ந்து, இன்னும் விழிக்கவே இல்லை போலவும், விழித்தால் ஏலாக்குறிச்சியில் சேவல் கூவும் போலவும் இருந்தது.

சூளைச் சுவரின் முனையில் பெனடிக்ட் சட்டென்று நின்றான். அவள் அவன் முதுகில் மோதிக்கொண்டாள்.

திட்டு இல்லை. நேற்று அவன் படுத்துக் கிடந்த சேறு இல்லை, செங்கல் இல்லை. சுவரின் அடியை நக்கிக்கொண்டு தண்ணீர் நின்றது. அவர்கள் நிற்கும் இடத்துக்கு ஒரு முழம் கீழே.

"அக்கா, டேம் தொறந்துட்டானுவளா?"

அவளுக்கும் அதுவேதான் தோன்றியது. கொள்ளிடத்தில் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம். மேட்டூரில் திறந்துவிட்டான், முக்கொம்பில் ஷட்டரைத் தூக்கிவிட்டான். கரையோர ஊர்களில் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் திறப்பார்கள். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லையே என்று பெனடிக்ட் நியாயம் கேட்கிறவன் மாதிரிச் சூளைக்காரர்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளம் வந்த ஊர்க்காரர்களுடைய முகமாக அது இல்லை.

லீலா மேரி தண்ணீரையே பார்த்தாள். ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று மிதந்து போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஏதோ சரியில்லை என்று பட்டது, என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. அவை கல்கத்தாப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. நேற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் ஆறு வந்தது. இப்போது ஆறு வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது, எதையோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி. அவளுக்குப் பயமாக இருக்கவில்லை. உடம்பு லேசாக ஆகி, நிற்கும் கரையே கீழ்ப்பக்கமாக நகர்வதுபோல ஒரு மயக்கம் வந்தது.

போன் அடித்தது. ஆரோக்கியசெல்வம். கீழே இன்ஜின் அறைக்குப் போகுமுன் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். டேம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து இருமினான்.

"கொள்ளிடத்துப் புத்தி கொள்ளிடத்தோடதான் இருக்கும்," என்றான். "கடல் உள்ள வருது புள்ள. தெனம் ரெண்டு வாட்டி ஏறும், ரெண்டு வாட்டி எறங்கும். அந்தத் தண்ணி மேலதான் நாங்க மெதந்து வர்றதே. இல்லன்னா தரை தட்டிடும். நீங்க பாத்து வச்ச எடம், கப்பல் வர்ற நேரத்துக்கு இருக்கவே இருக்காது."

அவள் தண்ணீருக்கடியில் செங்கல் பதித்த இடத்தைக் கண்ணால் தேடினாள்.

"கோவமா? வேற எடம் பாரு, ஓடு. இன்னும் அரை மணி நேரத்துல அங்க இருப்போம். செகண்ட் இன்ஜினியர் கையில கால்ல விழுந்து பத்து நிமிஷம் வாங்கியிருக்கேன். பின்பக்கம் நிப்பேன்."

ஓடினார்கள். சூளைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதை. அது முடிந்ததும் ஒரு சணல் ஆலையின் பின்சுவர். படகுத்துறையில் வேலைக்குப் போகும் கூட்டம் சைக்கிளும் கூடையுமாக நெருக்கி நின்றது. அங்கே கேமரா நிறுத்த இடமில்லை. பெனடிக்ட் ஒரு வீட்டு மாடியைக் காட்டினான். கதவு பூட்டியிருந்தது. வழியில் அவன் செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டு, எத்தனையோ முகூர்த்தம் எடுத்திருக்கேன், பொண்ணு ஓடிப்போயிருக்கு, மாப்பிள்ளை குடிச்சிட்டு வந்திருக்கான், மேடையே காணாமப் போனது இதுதான் முதல் தடவை என்று ஓடிக்கொண்டே புலம்பினான். லீலா மேரிக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்போது வரும் சிரிப்பு அழுகை மாதிரியும் இருந்தது.

சணல் ஆலையைத் தாண்டிப் பழைய படித்துறை ஒன்று கிடைத்தது. பாதிப் படிகள் உடைந்திருந்தன. மீதிப் படிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போயின. ஒரு ஆள் இடுப்பளவு தண்ணீரில் நின்று குளித்துக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஓரமாக நகர்ந்துகொண்டார். பெனடிக்டுக்கு இடம் பிடிக்கவில்லை. அரசமரக் கிளை ஒன்று குறுக்கே வருகிறது, உயரத்திலிருந்து எடுத்தால் கப்பல் சின்னதாகத் தெரியும், மாமா எறும்பாகத் தெரிவார் என்றான்.

"போதும்டா," என்றாள் லீலா மேரி. "எறும்பாவே தெரியட்டும்."

அவன் மேல்படியில் காலைப் பரப்பி உட்கார்ந்து பெரிய லென்ஸை மாட்டினான். அவள் தண்ணீரைத் தொடுகிற படிவரை இறங்கி நின்றாள். கையில் போன்.

பனியில் சூரியன் ஒரு வெள்ளைத் தட்டு மாதிரி ஏறியிருந்தது. எதிர்க்கரை இல்லை. ஆற்றின் நடுவும் இல்லை. அவளுக்கு முன்னால் ஒரு முற்றம் அளவுக்குத் தண்ணீர், அப்புறம் வெறும் வெண்மை. முதலில் சத்தம்தான் வந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, படிக்கல் வழியாகக் குதிகாலில் ஏறிய ஓர் அதிர்வு. கிரைண்டர் சுற்றும்போது வீட்டுத் தரையில் படுத்திருந்தால் காதுக்கடியில் கேட்குமே, அது. பிறகு வெண்மையில் ஒரு இடம் மட்டும் கொஞ்சம் கனத்தது. அந்தக் கனம் மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு உயரத்தில் ஒன்றும் இருக்க நியாயமில்லை என்று அவள் நினைத்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

கப்பல் பனியைவிட்டு வெளியே வந்தது.

பச்சை உடம்பு. அடிப்பக்கம் துருவும் சிவப்புமாகத் தழும்பு தழும்பாக இருந்தது. மேலே சரக்குப் பெட்டிகள் அடுக்கடுக்காக, ஒரு தெருவையே அள்ளி வைத்த மாதிரி. வெள்ளை எழுத்தில் நோவா செலின் என்று பெயர். போனில் எத்தனையோ நாள் விரலால் தொட்ட பெயர், இப்போது ஒவ்வோர் எழுத்தும் ஆள் உயரத்தில் அவளைக் கடந்துபோனது. ஒரு வீடு போகிற மாதிரி, அவசரமே இல்லாமல். குளித்துக்கொண்டிருந்த ஆள்கூடத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்பது அவளுக்குத் தெரியாது. பெனடிக்டின் கேமரா மேலே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் போனைத் தூக்கவே மறந்திருந்தாள்.

பின்பக்கம் வந்தது. கம்பி ஓரத்தில் ஆரஞ்சு உடுப்பில் மூன்று பேர். மூவரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள், மூவரும் ஒரே உயரமாகத் தெரிந்தார்கள். யார் தன் புருஷன் என்று ஒரு கணம் அவளுக்குத் தெரியவில்லை. ஒருத்தன் கொஞ்சம் காலை அகட்டி, ஒரு கையைக் கம்பிமேல் சும்மா போட்டுக்கொண்டு, பக்கத்து ஆளிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்து ஆள் அவன் முதுகில் ஓர் அடி போட்டான். அவன் அல்ல என்று நினைத்து அவள் கண் மற்ற இருவரிடம் போனது. வீட்டில் ஆரோக்கியசெல்வம் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிசைவான். தண்ணீர்க் குடத்தை எங்கே வைக்கட்டும் என்று தன் வீட்டிலேயே கேட்பான். அவள் தேடியது அந்த ஆளை.

அப்போது கம்பிமேல் கை போட்டிருந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கரையைப் பார்த்தான்.

அவனேதான். உடம்பு முழுக்கச் சொந்த வீட்டு வாசலில் நிற்கிறவனாக நின்றான். ஒன்பது வருஷத்தில் அவள் பார்த்திராத ஓர் ஆள், அவளுக்குத் தாலி கட்டியவனின் முகத்தோடு நின்றான். கரையைத் துழாவிய அவன் கண் படித்துறையில் வந்து நின்றது. இரண்டு கையையும் தூக்கினான். ஹெல்மெட் ஒரு கையில் ஆடியது.

கப்பல் கடந்துபோனது. பெனடிக்ட் மேலிருந்து, கெடைச்சிட்டாருக்கா, சிரிக்கிறாருக்கா, பல்லு தெரியுது என்று கத்தினான். போன் அடித்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்புடி இருக்கு?"

போனுக்குள் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதே இன்ஜின் ஆற்றின் மேலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதில் ஒரு சத்தம், மறு காதில் அதே சத்தம் கொஞ்சம் பிந்தி. இரண்டுக்கும் நடுவில் அவள் நின்றாள். ரெட்டிபாளையத்துச் சாலை, சித்தப்பா, சாயங்காலம் தூசி படிந்த சட்டையோடு சைக்கிளைச் சுவரில் சாத்தும் ஓர் ஆள், அவன் சத்தம் கேட்டு ஓடிவரும் ஷெரின், எல்லாம் பனிக்குள் ஒரு பக்கமாகத் தெரிந்தது. சைக்கிளைச் சாத்துகிறவன் காலை அகட்டி நிற்கிறானா என்று அவள் உற்றுப் பார்த்தாள். தெரியவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரத்துல தொறமுகத்து லாக் கேட்டுக்குள்ள போயிடுவோம்," என்றான் அவன். குரலில் சிரிப்பு இல்லை. "கேப்டன் கேப்பாரு. சொல்லு லீலா. எறங்கட்டுமா?"

கப்பல் வளைவை நோக்கிச் சின்னதாகிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் இப்போது ஓர் ஆரஞ்சுப் புள்ளி மட்டும்.

"என்னங்க," என்று ஆரம்பித்தாள்.

குளித்துக்கொண்டிருந்த ஆள் ஏதோ வங்காள மொழியில் கூவிக்கொண்டு படியேறி ஓடினார். அவள் திரும்பிப் பார்த்தாள். கப்பல் போய்விட்ட ஆற்றில், கப்பல் கிளப்பிவிட்ட அலை இப்போதுதான் கரைக்கு வந்துகொண்டிருந்தது, நீளமாக, உருண்டையாக, நுரையே இல்லாமல். "அக்கா, மேல ஏறு" என்று பெனடிக்ட் கத்தினான். அதற்குள் முதல் அலை படியில் மோதி முழங்கால்வரை நனைத்தது. இரண்டாவது அலை இடுப்புக்கு வந்தது. விழாமல் கால் ஊன்றிக்கொண்டு, போன் நனையாமல் இருக்கக் கையை உயரத் தூக்கினாள். தலைக்கு மேலே அவன் குரல் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தது, தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. தூரத்தில், வளைவு திரும்பும் கப்பலின் பின்பக்கத்தில், அந்த ஆரஞ்சுப் புள்ளி அவள் தூக்கிய கையைப் பார்த்து, அதையே பதிலாக எடுத்துக்கொண்ட மாதிரி, தன் கையையும் மெதுவாகத் தூக்கியது.